கால்களுக்கு வாசித்தவர்கள் – 9: அடுப்படியிலிருந்து மண்டபத்துக்கு

சென்ற இதழில் இங்கிலாந்தின் டார்செட் பக்கம் இருந்தோம். நாவலாசிரியர் தாமஸ் ஹார்டியின் தாத்தாவும் தந்தையும் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் வாசித்த கருவிகளையே தூக்கிக்கொண்டு கல்யாண வீடுகளுக்கும் கிறிஸ்துமஸ் விருந்துகளுக்கும் ஆட்டத்துக்கு வாசிக்கப் போனதைப் பார்த்தோம். பாதிரியார் மாறியதும் அந்தத் தேவாலயக் குழு கலைந்துபோன கதையையும் பார்த்தோம். இந்த இதழில் கடல் தாண்டி அயர்லாந்தின் மேற்குக் கரைக்குப் போகிறோம். அங்கே வாசித்தவர்களின் இடத்தைப் பறித்தது ஒரு சட்டம். அதற்கு முன்னால் அந்த இடம் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்வது அவசியம்.

கிளேர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், அட்லாண்டிக் காற்று ஓயாமல் அறையும் ஊர்களில், சிறு விவசாயி வீட்டின் பெரிய அறை சமையலறைதான். சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த கரிமண் அங்கே இரவும் பகலும் எரியும். குளிர்கால இரவில் அக்கம்பக்கத்தார் கூடினால் மேசையும் பெஞ்சும் வெளியே போய்விடும். அடுப்போரம் ஒரு நாற்காலி மட்டும் மிஞ்சும். அது பிடில் வாசிப்பவருக்கு. அடுப்புக்கு முன்னால் பதித்த பலகைக் கல்லில் ஆடினால் காலடி ஓசை நன்றாக எழும். அந்த ஓசை இன்னும் கணீரென்று கேட்கவேண்டும் என்பதற்காகக் கல்லுக்கு அடியில் குதிரையின் மண்டையோட்டைப் புதைத்த வீடுகள் உண்டு. நாட்டார் வழக்காறுகளைத் தொகுத்தவர்கள் இந்த வழக்கத்தைப் பல ஊர்களில் கேட்டுப் பதிந்திருக்கிறார்கள். தரை வெறும் மண்ணாக இருந்தால் கதவைக் கழற்றிக் கீழே போட்டு அதன்மேல் ஆடுவார்கள். ஆடுபவரின் கால் இங்கே ஒரு தாளக் கருவி. பிடில்காரர் அந்தக் கருவியோடு சேர்ந்துதான் வாசித்தார்.

இந்த ஏற்பாடு பழையது. ஆர்தர் யங் என்ற ஆங்கிலேயர் 1776 முதல் 1779 வரை அயர்லாந்தில் சுற்றி, விவசாயத்தைப் பற்றி எழுத வந்தவர். 1780-ல் வெளியான அவருடைய நூலில் ஆட்டமும் இடம்பெற்றது. ஏழைகளின் குடிசைகளில் ஆட்டம் இல்லாத இடமே இல்லை என்றும், ஆட்ட ஆசிரியர்கள் ஒரு பைப் வாசிப்பவரையோ கண்பார்வையற்ற பிடில்காரரையோ கூட அழைத்துக்கொண்டு குடிசை குடிசையாகப் போய்க் கற்றுத்தருகிறார்கள் என்றும், மூன்று மாதத்துக்கு ஆறு பென்னி சம்பளம் என்றும் அவர் குறித்திருக்கிறார். சரியான சாப்பாட்டுக்கே வழியில்லாத குடும்பங்கள் அந்த ஆறு பென்னியைக் கொடுத்தன. கண்பார்வையற்றவர்கள் இந்தத் தொழிலில் மிகுதியாக இருந்ததற்குக் காரணம் பெரியம்மை. பார்வை போன பிள்ளை உழ முடியாது. அவனை ஒரு பைப்காரரிடமோ பிடில்காரரிடமோ விட்டுவிடுவார்கள்.

அப்படிப்பட்டவர்களில் ஒருவர் கேரட் பாரி. கிளேர் மாவட்டத்தின் இனா என்ற ஊரில் 1847-ல், பெரும்பஞ்சத்தின் மிகக் கொடிய ஆண்டில் பிறந்தார். அவர் வாசித்தது இல்லன் பைப். வாயால் ஊதுவதில்லை. முழங்கைக்கு அடியில் கட்டிய துருத்தியை அமுக்கிக் காற்றை ஏற்றி, விரல்களால் குழலை ஆள்வார்கள். உட்கார்ந்து வாசிக்கும் கருவி, அறைக்குள் வாசிக்கும் கருவி. பாரி வீடு வீடாகப் போய்த் தங்கி, ஆட்டத்துக்கு வாசித்து, மெட்டுகளைச் சொல்லிக்கொடுத்து, 1899-ல் இறந்தார். அவர் வாசிக்கக் கேட்டுப் பழகியவர்களில் மில்டவுன் மால்பே ஊர்ப் பக்கத்து கில்பர்ட் கிளான்சி ஒருவர். கில்பர்ட்டின் மகன் வில்லி கிளான்சி. அந்தப் பெயர் கட்டுரையின் கடைசியில் மறுபடி வரும்.

19-ஆம் நூற்றாண்டில் ஆட்டத்தின் வடிவமே மாறியது. பாரிஸ் நகரத்து மாளிகைகளில் பிறந்த குவாட்ரில் என்ற நான்கு ஜோடி ஆட்டம், நெப்போலியன் போர்கள் முடிந்த 1815-ஐ ஒட்டி பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் வந்தது. போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் கொண்டுவந்தார்கள் என்பது ஊர்ப் பேச்சு. ஆட்ட ஆசிரியர்கள் அதைக் கிராமத்துக்கு ஏற்ற மாதிரி வெட்டி ஒட்டிக் கற்றுக்கொடுத்தார்கள். நான்கு ஜோடிகள் சதுரமாக நின்று, ஐந்தாறு கட்டங்களாக ஆடும் இந்த ஆட்டத்தைக் கிராமத்தில் 'செட்' என்றார்கள். ஆனால் பாரிஸ் மெட்டுகள் கிராமத்துப் பிடில்காரருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அவர் வாசித்திருப்பார் என்று நான் நம்பவில்லை. தன் கையில் இருந்த ஜிக்கையும் ரீலையும் அதற்குப் போட்டார். மெட்டு மாறியதும் கால் மாறியது. மாளிகையில் வழுக்கிக்கொண்டு நடந்த அடி, கிளேர் மாவட்டத்தில் கல்லைத் தட்டும் அடியானது. கெர்ரி மாவட்டத்தில் போல்கா வாசித்தார்கள், அங்கே அதே ஆட்டம் துள்ளலானது. ஒரு வெளிநாட்டு ஆட்டத்தை ஊருக்குச் சொந்தமாக்கியவர் அடுப்போர நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்தான். பின்னால் வந்த எந்தச் சர்ச்சையிலும் இந்த உண்மையை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

இந்த வேலை எத்தகையது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஒரு மெட்டுக்குப் பெரும்பாலும் இரண்டு பகுதிகள். ஒவ்வொன்றும் எட்டுத் தாளவட்டம். இரண்டையும் இருமுறை வாசித்தால் 32. ஆட்டத்தின் அசைவுகளும் எட்டெட்டாகவே நகரும். ஜோடிகள் முன்னேறிப் பின்வாங்க எட்டு, எதிர்ப்பக்கத்து இடத்துக்குப் போக எட்டு, சுழல எட்டு. ஜிக் நம் திஸ்ர நடைபோல மூன்று மூன்றாக ஓடும். ரீல் சதுஸ்ரமாக ஓடும். வாசிப்பவர் ஒரு வட்டத்தை விட்டுவிட்டால் எட்டுப் பேரும் நடுத்தரையில் மோதிக்கொள்வார்கள். வேகம் கூடினால் வயதானவர்கள் திணறுவார்கள், குறைந்தால் இளைஞர்களின் காலடி செத்துவிடும். எந்தச் செட்டில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்து மெட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு கட்டம் முடிந்து மூச்சு வாங்கும் இடைவெளியில் அடுத்த மெட்டு கையில் தயாராக இருக்கவேண்டும். இதெல்லாம் விடியும் வரை.

சத்தமும் ஒரு சிக்கல். ஒற்றைப் பிடிலின் ஒலி, இருபது முப்பது பேர் கல்லைத் தட்டும் அறையில் எப்படி எட்டும்? ஊருக்கு ஊர் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கெர்ரியும் கார்க்கும் சந்திக்கும் ஸ்லீவ் லூக்ரா மலைப்பகுதியிலும், வடக்கே டோனகலிலும் இரண்டு பிடில்காரர்கள் சேர்ந்து உட்கார்ந்தால் ஒருவர் மேல் ஸ்தாயியிலும் மற்றவர் கீழ் ஸ்தாயியிலும் ஒரே மெட்டை வாசித்தார்கள். கிளேரில் மலிவான ஜெர்மன் கன்சர்டினாக்கள் வீட்டுக்கு வீடு வந்தன. அவற்றிலும் ஒரே சுரத்தை இரண்டு ஸ்தாயியில் சேர்த்து அழுத்தி ஒலியைப் பெருக்கினார்கள். கன்சர்டினா வாசித்தவர்களில் பெண்கள் ஏராளம். கில்ரஷ் ஊர்ச் சந்தைச் சதுக்கத்தில் மதுக்கடை நடத்திய எலிசபெத் கிராட்டி 1885-ல் பிறந்தவர். வீட்டு ஆட்டங்களில் வாசித்துப் பழகிய அவருடைய கை, 1950-களில் வானொலிக்காரர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு ஊர் ஊராக வந்தபோதுதான் நாடு முழுதும் கேட்டது. இன்று மேடைகளில் மெச்சப்படும் ஊர்ப் பாணிகள் பலவும், ஆடுபவரின் காதுக்கு மெட்டை எட்டச் செய்யவேண்டும் என்ற தேவையிலிருந்து பிறந்தவை.

கூலியைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் பின்னால் வழக்குமன்றம் வரை போனது அதுதான். பெரும்பாலான பிடில்காரர்கள் விவசாயிகள். பக்கத்து வீட்டுக்கு வாசிக்கக் காசு வாங்கமாட்டார்கள், சாப்பாடும் குடியும் போதும். ஊர் ஊராகப் போகும் பைப்காரர் வந்தால் தொப்பி சுற்றி வரும். விதவை வீட்டில் வாடகை பாக்கி என்றாலோ, யாருக்காவது மருத்துவச் செலவு என்றாலோ, அந்த வீட்டில் ஓர் ஆட்டம் ஏற்பாடு செய்து, வருபவர்களிடம் சில்லறை வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். வங்கியும் காப்பீடும் எட்டாத ஊரில் ஏழைக்கு ஏழை கைகொடுத்த வழி இது.

இன்னொரு வகை ஆட்டமும் இருந்தது. பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள், அதைவிட அதிகம் பேர் கப்பலேறினார்கள். அதன்பின் பல தலைமுறைகளுக்கு அமெரிக்கா போவது நிற்கவில்லை. போகிறவர் பெரும்பாலும் திரும்புவதில்லை. அதனால் புறப்படுவதற்கு முந்தின இரவு, இறந்தவர் வீட்டில் விழித்திருப்பதைப் போலவே ஊர் கூடி விழித்திருந்தது. அதற்கு 'அமெரிக்க விழிப்பு' என்றே பெயர். அழுகைக்கு நடுவே ஆட்டம் நடக்கும். மகளோடு தந்தை கடைசியாக ஒருமுறை செட்டில் நிற்பார். அந்த இரவுக்கு வாசிப்பவர் யார் அழுதாலும் வில்லை நிறுத்தக்கூடாது. விடிந்ததும் பெட்டியோடு புறப்படும் கூட்டத்தைப் பாதித் தூரம் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார்கள். இந்த இரவுகளுக்கு வாசித்த எத்தனையோ பேரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. இந்தத் தொடரை எழுதத் தூண்டியவர்களில் அவர்களும் அடக்கம்.

*

செட் ஆட்டத்தின் மேல் முதல் அடி எதிர்பாராத பக்கத்திலிருந்து விழுந்தது. ஐரிஷ் மொழியை மீட்க 1893-ல் தொடங்கப்பட்ட கேலிக் லீக், மொழியோடு சேர்த்துத் தேசிய ஆட்டத்தையும் உருவாக்க முனைந்தது. அதன் லண்டன் கிளை 1897 அக்டோபர் 30 அன்று ப்ளூம்ஸ்பரி மண்டபத்தில் ஓர் ஆட்ட மாலையை நடத்தியது. 'கெய்லி' என்ற பெயரில் நடந்த முதல் பொது ஆட்டம் என்று இதைச் சொல்வார்கள். அயர்லாந்தின் அடையாளமாக இன்று உலகம் அறிந்த கெய்லி பிறந்தது லண்டன் வாடகை மண்டபத்தில். அன்று அங்கே குவாட்ரில் செட்டும் வால்ட்ஸும் ஐரிஷ் மெட்டுகளுக்கு ஆடப்பட்டன. ஆனால் சில ஆண்டுகளுக்குள் லீக்கின் எண்ணம் இறுகியது. குவாட்ரில் வழி வந்த செட் அந்நியம், அதை விலக்கவேண்டும் என்று முடிவெடுத்தார்கள். லீக்கின் வகுப்புகளில் புதிதாகத் தொகுத்த குழு ஆட்டங்களே கற்பிக்கப்பட்டன. எண்பது ஆண்டுகளாகக் கிராமத்துப் பிடில்காரர்கள் உழைத்துச் சொந்தமாக்கிய ஆட்டத்துக்கு அந்நியப் பட்டம் கிடைத்தது. நல்ல நோக்கம் கொண்ட மனிதர்கள் செய்த பெரிய பிழை இது என்பது என் கருத்து.

அடுத்து தேவாலயம். தனிநாடு கிடைத்த சில ஆண்டுகளிலேயே, 1925 அக்டோபரில், கத்தோலிக்க ஆயர்கள் மேனூத் நகரில் கூடி ஆட்டத்தின் தீமைகள் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அது தேவாலயங்களில் வாசிக்கப்பட்டது. மோட்டார் காரும் ஜாஸ் இசையும் இரவு நேர மண்டபங்களும் இளைஞர்களைக் கெடுக்கின்றன என்பது கவலை. கொட்டகைபோட்டு ஆட்ட மண்டபம் நடத்திப் பணம் பண்ணியவர்கள் இருந்தார்கள், உண்மைதான். அந்தக் கவலை முழுக்கக் கற்பனை என்று சொல்லமாட்டேன். ஆனால் 1930-களின் தொடக்கத்தில் அது வெறியாக மாறியது. லீட்ரிம் மாவட்டத்தின் மோஹில் நகரில் 1934 புத்தாண்டு நாளில் ஜாஸ் எதிர்ப்பு ஊர்வலம் நடந்தது. முன்னின்று நடத்தியவர் ஒரு பாதிரியார்.

அதே லீட்ரிமில் ஜிம்மி கிரால்டன் என்பவர் அமெரிக்காவிலிருந்து திரும்பி, ஊராருக்காக ஒரு மண்டபம் கட்டியிருந்தார். வகுப்புகள், அரசியல் கூட்டங்கள், ஆட்டம் எல்லாம் அங்கே நடந்தன. கம்யூனிஸ்ட் என்று சொல்லி அவரை 1933-ல் அமெரிக்காவுக்கு நாடுகடத்தினார்கள். அயர்லாந்தில் பிறந்த மனிதரை அயர்லாந்து அரசே வெளியேற்றியது. 1945-ல் நியூயார்க்கில் இறந்தார். இயக்குநர் கென் லோச் 2014-ல் எடுத்த 'ஜிம்மி'ஸ் ஹால்' படம் இவருடைய கதைதான்.

இந்தச் சூழலில்தான் 1935 பிப்ரவரியில், அப்போது நாட்டை ஆண்ட டி வலேராவின் அரசு பொது ஆட்ட மண்டபச் சட்டத்தை நிறைவேற்றியது. பொதுமக்கள் கலந்துகொள்ளும் ஆட்டம் எங்கே நடந்தாலும் மாவட்ட நீதிமன்றத்தின் உரிமம் வேண்டும். எத்தனை மணிவரை ஆடலாம் என்பது உட்பட நிபந்தனைகளை நீதிபதி விதிக்கலாம். சட்டத்தின் வாசகத்தைப் பார்த்தால் சமையலறை ஆட்டம் நேரடியாகத் தடைசெய்யப்படவில்லை. பொதுமக்களுக்குத் திறந்த ஆட்டம்தான் அதன் இலக்கு. ஆனால் ஊரில் நடந்தது வேறு. விதவைக்காகச் சில்லறை வசூலித்த வீட்டு ஆட்டமும் பொது ஆட்டம் என்று காவல்துறை வழக்குப் போட்டது. பாதிரியார் கதவைத் தட்டி உள்ளே வந்து கூட்டத்தைக் கலைத்த கதைகள் மேற்கு அயர்லாந்தின் ஊருக்கு ஊர் உண்டு. நாற்சந்திகளில் மரப்பலகை போட்டு ஆடியதும் நின்றது. பயந்தவர்கள் வீட்டைத் திறக்கவில்லை. உரிமம் பெற வசதியுள்ளவர்கள் யார்? பெரும்பாலும் மண்டபம் வைத்திருந்த வியாபாரிகளும் தேவாலயமும்தான். பாதிரியார்கள் ஊர் ஊராகத் தேவாலய மண்டபங்களைக் கட்டினார்கள். வசூல் அங்கே போனது.

இதை வாழ்ந்து பார்த்துச் சொன்னவர் ஜூனியர் கிரியன். 1908-ல் கிளேர் மாவட்டத்தின் முல்லா ஊர்ப் பக்கம் பிறந்த விவசாயி, பிடில்காரர். ஸ்கல்லி கேசி என்ற பிடில்காரரிடம் கற்றவர். இளமையில் வாரம் முழுக்க வீடு வீடாக ஆட்டத்துக்கு வாசித்தவர். முதுமையில் தந்த பேட்டிகளில் அவர் சொன்னவற்றின் சாரம் இது: சட்டம் வந்ததும் வீட்டு ஆட்டம் போனது, வீட்டு ஆட்டம் போனதும் வாசிப்பவருக்கு வேலை போனது. புதிய மண்டபங்களின் இரைச்சலில் ஒற்றைப் பிடில் எடுபடவில்லை. கூட வாசித்தவர்கள் ஒவ்வொருவராக இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள். தனிமையில் பிடிலை எடுக்கவே மனம் வராத காலம் ஒன்று அவருக்கு இருந்தது. புலம்பெயர்தலுக்கு வறுமை பெரிய காரணம், சட்டம் மட்டுமே காரணம் என்று சொல்லமுடியாது. ஆனால் ஊரில் தங்கியிருக்கலாம் என்று ஓர் இளைஞனை எண்ணவைக்கும் இரவுகளை அந்தச் சட்டம் பிடுங்கியது. கிரியன் சொன்னதை நான் அப்படியே ஏற்கிறேன்.

*

மண்டபத்துக்குப் போனவர்கள் புதிய சிக்கலைச் சந்தித்தார்கள். சில நூறு பேர் ஆடும் பெரிய கூடம், நல்ல ஒலிபெருக்கி இல்லாத காலம். விடை கெய்லி பேண்ட். பிடில், குழல், அக்கார்டியன், கன்சர்டினா என்று எட்டுப் பத்துப் பேர் சேர்ந்து ஒரே மெட்டை ஒரே குரலாக வாசிப்பது. தாளத்துக்குப் பியானோவும் டிரம்ஸும். டிரம்ஸ்காரர் மரக்கட்டையில் டக் டக் என்று இரண்டு தட்டுத் தட்டியதும் மொத்தக் குழுவும் பாயும். அந்த இரண்டு தட்டு கேட்டால் எந்த ஊர் ஐரிஷ்காரருக்கும் கால் எழும்.

இந்த வகைக் குழு சட்டத்துக்கு முன்பே முளைத்துவிட்டது. லண்டனில் ஃபிராங்க் லீ என்பவர் 1918-ல் 'தாரா' என்ற பெயரில் ஒரு கெய்லி பேண்ட் நடத்தினார். 1926 ஜனவரி 1 அன்று டப்ளினில் வானொலி தொடங்கியதும் ஸ்டூடியோவுக்கு ஆட்ட இசை தேவைப்பட்டது, குழுக்கள் பெருகின. கிழக்கு கால்வேயில் பாலினகில் ஊர்ப் பாதிரியார் டாம் லார்க்கின் தன் பகுதியின் குழல்காரர்களையும் பிடில்காரர்களையும் சேர்த்து ஒரு குழு அமைத்தார். 1930-களின் தொடக்கத்தில் அவர்கள் பதிந்த இசைத்தட்டுகளை இன்றும் ஆட்ட இசைக்கு உரைகல்லாகச் சொல்வார்கள். பாதிரியார்களை எல்லாம் ஒரே தட்டில் வைக்கக்கூடாது என்பதற்கு லார்க்கின் சாட்சி. கிளேரின் கில்ஃபெனோரா குழுவும் அப்படித்தான். ஊர்த் தேவாலயத்தின் கடனை அடைக்க ஆட்டம் நடத்தவேண்டியிருந்தது, அதற்காக 1909-ல் கூடிய குழு அது.

கில்ஃபெனோராவின் பியானோவில் பல பத்தாண்டுகள் உட்கார்ந்தவர் கிட்டி லினேன். 1950-களிலிருந்து குழுவின் தலைவரும் அவரே. எந்த ஊரில் எந்த இரவு வாசிப்பது, யார் காரில் யார் வருவது, வசூலை எப்படிப் பிரிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. எதிர் அணி அதே கிளேரின் கிழக்கில் 1946-ல் உருவான டல்லா. பி. ஜோ ஹேய்ஸ் அரை நூற்றாண்டுக்குமேல் அதை நடத்தினார். பேடி கேனியின் பிடில், ஜோ கூலியின் அக்கார்டியன், ஷான் ரீடின் பியானோ என்று அதில் இருந்தவர்கள் ஒவ்வொருவரும் தனியாகவே பெரிய கலைஞர்கள். இவர்களில் பலருக்குச் சொந்த நிலம் இருந்தது. மாலையில் பால் கறந்துவிட்டுப் புறப்பட்டு, ஒரே காரில் நெருக்கி உட்கார்ந்து மாவட்டம் தாண்டிப் போய், பின்னிரவு வரை வாசித்துத் திரும்பினால் மறுபடி பால் கறக்கும் நேரம் வந்திருக்கும்.

1951-ல் மல்லிங்கர் நகரில் அகில அயர்லாந்து இசை விழா தொடங்கியது. கெய்லி பேண்ட் போட்டி அதன் உச்சமானது. 1954, 1955, 1956 மூன்று ஆண்டும் கில்ஃபெனோரா வென்றது. 1957-ல் டல்லா வென்றது. கால்பந்துக்கு நிற்பதுபோல ஊரே இரு பக்கமாக நின்றது. 1958-ல் புனித பேட்ரிக் திருநாளை ஒட்டி டல்லா குழு நியூயார்க் போய் கார்னகி மண்டபத்தில் வாசித்தது. கேட்க வந்தவர்களில் எத்தனையோ பேர் விழிப்பு இரவு முடிந்து கப்பலேறியவர்கள்.

நியூயார்க் என்றதும் மைக்கேல் கோல்மனைத் தாண்டிப் போகமுடியாது. ஸ்லைகோ மாவட்டத்தில் 1891-ல் பிறந்து, நியூயார்க் போய்ச் சேர்ந்து, 1921 முதல் 1936 வரை பிடில் இசைத்தட்டுகள் பதிந்தவர். தானே நன்றாக ஆடத் தெரிந்தவர். அவருடைய தட்டுகள் கிராமபோனோடு அயர்லாந்துக் கிராமங்களுக்குத் திரும்பி வந்தன. ஊர் ஊராக இளைஞர்கள் அவரைப்போல வாசிக்க முயன்றார்கள், தம் ஊர்ப் பாணியைச் சிலர் விட்டும்விட்டார்கள். மூன்று நிமிடத் தட்டில் யாரும் ஆடுவதில்லை. உட்கார்ந்து கேட்பதற்கான வாசிப்பு என்ற எண்ணம் கிராமத்துக்குள் பலமாக நுழைந்தது அப்போதுதான்.

அந்த எண்ணத்தின் முழு வடிவம் ஷான் ஓ ரியாடா. மேற்கத்திய இசை கற்ற இசையமைப்பாளர். 1962-ல் வானொலித் தொடர் உரைகளில் கெய்லி பேண்டுகளைக் கடுமையாகச் சாடினார். எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே மெட்டை அடித்து வாசிப்பதில் தனிக் கலைஞரின் நுட்பம் அழிகிறது என்பது வாதம். மாற்றாக அவர் அமைத்த குழு, கருவிகள் மாறி மாறிப் பேசும் கச்சேரி வடிவத்தைக் கொண்டுவந்தது. அங்கிருந்துதான் சீஃப்டன்ஸ் குழுவும் கிளைத்தது. ஓ ரியாடாவின் இசை அருமையானது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. டிரம்ஸ் சில குழுக்களில் எல்லாவற்றையும் விழுங்கியதும் உண்மை. ஆனால் ஆடுபவர்களுக்காக வாசித்தவர்களை நாற்காலியில் இருந்துகொண்டு அவர் எடைபோட்டார். டல்லாவின் பழைய பதிவுகளைக் கேட்டால் பிடில்களும் குழல்களும் ஒரே மெட்டில் ஓடும்போது ஒவ்வொருவரும் சின்னச் சின்னதாக வேறுபடுவது தெரியும். அந்த வேறுபாடுகள் சேர்ந்து எழுப்பும் உந்துதலுக்குத்தான் கால் எழுந்தது. அந்த உந்துதல் இல்லாமல் நானூறு பேரை ஓர் இரவு முழுக்க ஆடவைக்க முடியாது. இந்த ஆள்களின் திறமையைக் குறைத்துப் பேசிய மதிப்பீடு பல ஆண்டுகள் நிலைத்தது வருத்தத்துக்குரியது.

*

ராக் இசையும் ஷோபேண்டும் வந்த 1960-களில் கெய்லி மண்டபங்களும் காலியாகத் தொடங்கின. அந்த நேரத்தில் ஸ்லீவ் லூக்ராவில் நடந்ததைச் சொல்லியாகவேண்டும். அங்கே பாட்ரிக் ஓகீஃப் என்ற பிடில் ஆசான் இருந்தார். 1887-ல் பிறந்தவர், பள்ளி ஆசிரியர் வேலை போனபின் மலைப்பாதையில் நடந்து வீடு வீடாகப் பிடில் கற்றுத் தந்தவர். சுர எழுத்து படிக்கத் தெரியாத விவசாயப் பிள்ளைகளுக்காக அவரே ஒரு குறிப்பு முறையை உருவாக்கினார். பிடிலின் தந்திகளைக் கோடுகளுக்கு இடையேயான இடைவெளிகள் காட்டும், எந்த விரல் என்பதை எண் காட்டும். கிழித்த தாளில் பென்சிலால் எழுதிக் கொடுத்த அந்த மெட்டுகளைப் பல வீடுகள் இன்றும் பாதுகாக்கின்றன. 1963-ல் அவர் இறந்தார்.

சில ஆண்டுகளுக்குள் அவருடைய மாணவர் டெனிஸ் மர்ஃபியும், அக்கார்டியன் வாசித்த ஜானி ஓலியரியும் நாக்நகிரீ ஊரில் டான் கானல் என்பவரின் மதுக்கடையில் வார இறுதி இரவுகளில் செட் ஆட்டத்துக்கு வாசிக்கத் தொடங்கினார்கள். இரண்டே பேர். டிரம்ஸ் இல்லை, பியானோ இல்லை. அடுப்படிக் காலத்து அளவிலான அறை, அதே மாதிரி தரையைத் தட்டும் கால்கள். மர்ஃபி 1974-ல் இறந்தபின்னும் ஓலியரி நிறுத்தவில்லை. அடுத்த சில பத்தாண்டுகளுக்கு நாட்டின் பல பக்கங்களிலிருந்தும் ஆட்டக்காரர்கள் அந்தக் கடையைத் தேடி வந்தார்கள். அவர் ஆட்டத்துக்கு வாசித்த மெட்டுகள் மட்டும் முந்நூற்றுக்கு மேல் நூலாகத் தொகுக்கப்பட்டிருக்கின்றன. சட்டம் கலைத்ததை இந்த இருவரும் ஒரு மதுக்கடையில் மறுபடி கூட்டினார்கள்.

கிளேரில் அதே வேலை வேறு விதமாக நடந்தது. கேரட் பாரியின் மெட்டுகளைத் தந்தை வழியாகப் பெற்ற வில்லி கிளான்சி 1973-ல் இறந்தார். அந்த ஆண்டே அவர் பெயரில் மில்டவுன் மால்பேயில் கோடைப் பள்ளி தொடங்கப்பட்டது. தொடங்கியவர்களில் ஜூனியர் கிரியனும் ஒருவர். பிடிலை எடுக்க மனமில்லாமல் இருந்த மனிதர், தொண்ணூறாம் வயதில் 1998-ல் இறக்கும் வரை அங்கே வாசித்தார், கதை சொன்னார். 1982-ல் அந்தப் பள்ளியில் செட் ஆட்ட வகுப்பு சேர்க்கப்பட்டது. அங்கே கற்றவர்கள் டப்ளினுக்கும் லண்டனுக்கும் அமெரிக்காவுக்கும் செட்டை எடுத்துப் போனார்கள். கெய்லி பேண்டுகளுக்கு மறுபடி வேலை வந்தது. கேலிக் லீக் ஒருகாலத்தில் அந்நியம் என்று ஒதுக்கிய ஆட்டம், இன்று அயர்லாந்தின் மரபு ஆட்டம் என்று உலகம் முழுதும் கற்பிக்கப்படுகிறது.

நாடுகடத்தப்பட்ட ஜிம்மி கிரால்டனுக்கு 2016-ல் அயர்லாந்துக் குடியரசுத் தலைவர் மைக்கேல் டி. ஹிகின்ஸ் லீட்ரிமுக்கே சென்று மன்னிப்புக் கேட்டார். அடுப்போர நாற்காலியை இழந்த பிடில்காரர்களுக்கும் அப்படி ஒரு சொல் சொல்லப்படவேண்டும். அவர்களில் பெரும்பாலோர் அதைக் கேட்க இன்று உயிரோடு இல்லை, ஆனால் அவர்களிடம் கற்றவர்கள் இருக்கிறார்கள்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். பாலினகில், கில்ஃபெனோரா, டல்லா மூன்று குழுக்களின் பழைய பதிவுகளும் இணையத்தில் கிடைக்கின்றன. டான் கானல் கடையில் ஓலியரி வாசித்ததும் பதிவாகியிருக்கிறது. அடுத்த இதழ் வருவதற்குள் நான்கையும் கேளுங்கள், முடிந்தால் நின்றுகொண்டு கேளுங்கள். அடுத்த இதழில் இதே மெட்டுகள் கப்பலேறி அமெரிக்காவின் நியூ ஹாம்ஷர் மாநிலத்துக்குப் போய், அங்கே ஊர் மண்டபங்களில் கான்ட்ரா ஆட்டத்துக்கு வாசித்தவர்களின் கைக்கு வந்ததைப் பார்ப்போம்.